‘நம்ம சனத்துக்கு அதில என்ன இருக்கு?’ – கோயில் கல்வி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், பொருளாளருக்கும், குழுவில் இருக்கும் மற்ற ஐயாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கோயில் அலுவலகத்துச் சுவரில் இந்த ஆண்டுக் கல்வி நிதிக்கான அறிவிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற வந்தபோது படித்தேன். எட்டாவது நிபந்தனையில் கண் நின்றுவிட்டது. முதுகலைப் படிப்புக்கு உதவி, மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்ற துறைகளுக்கு மட்டும் என்று இருக்கிறது. நான் விண்ணப்பித்த ஆண்டில் அந்த ‘மட்டும்’ இல்லை. நான் வந்துபோன பிறகுதான் சேர்த்தீர்களோ என்று ஒரு சின்னச் சந்தேகம். இருக்கட்டும்.

எனக்காக எழுதவில்லை. என் படிப்பு முடிந்துவிட்டது, கடனும் பாதி அடைந்துவிட்டது. நம் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி இந்த ஆண்டு உங்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். சட்டம் முடித்தவள், அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தில், அதாவது ஒரு பெயரோ கண்டுபிடிப்போ படைப்போ யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் சட்டத்தில், எல்எல்எம் என்ற முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்து, “நேர்முகத்துல என்னக்கா கேப்பாங்க?” என்றாள். என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் படு மோசம். அதனால் அவள் வருவதற்கு முன்பே பதிலை எழுதித் தந்துவிடுகிறேன். ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மண்டபத்துப் பின்னறை, நீள மேசை, மேசையில் உங்களுக்கு ஐந்து கிளாஸ் மைலோ, எனக்கு ஒன்று. ஒரு ஐயா என் விண்ணப்பப் பாரத்தை எடுத்து ‘ஹர்தா இன்டெலெக்’ (அறிவுசார் சொத்துக்கு மலாய்ப் பெயர்) என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “ஏம்மா, இது பெரிய கம்பெனிக்காரங்க ஒருத்தர ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுக்கிற சட்டமாச்சே. நம்ம சனத்துக்கு அதில என்ன இருக்கு?”

அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அர்ச்சனைச் சீட்டும் உண்டியலும் சேர்த்த காசை எடுத்துக் கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன்? உலக வர்த்தக நிறுவனம், 1995-இல் நடப்புக்கு வந்த ட்ரிப்ஸ் ஒப்பந்தம், மலேசியாவின் அனைத்துலகக் கடப்பாடு என்று பத்து நிமிடம் பேசினேன். மைலோவில் ஆடை கட்டிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ‘வருந்துகிறோம்’ கடிதம் வந்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் அனுப்பியிருப்பேன்.

சரி, இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். முறுக்கிலிருந்து தொடங்கலாம்.

முறுக்கு அத்தையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தையில் (பெயர்ப்பலகை 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை) சனிக்கிழமை இரவுச் சந்தையில், அதான் பாசார் மாலாமில், அவர் கடையைத் தாண்டிப் போகாதவர் யார்? தோட்டத்தில் வேலை போன பிறகு, மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டி ஒட்டி விற்கத் தொடங்கியவர். பச்சை லேபல், ஒரு கோலம், அதன் கீழே அவருடைய அம்மாவின் பெயர். ஒரு விநியோகக்காரர் வந்து, “கிள்ளான் கடைகளுக்கெல்லாம் நான் போடுறேங்கா” என்றார். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அப்புறம் அவர் வேறு ஒருவரிடம் முறுக்கு வாங்கி, அதே பெயரில், அதே கோலத்தோடு போட ஆரம்பித்தார். அதோடு ஒரு வக்கீல் கடிதமும் வந்தது: அந்தப் பெயர் எங்கள் கட்சிக்காரரின் பதிவு பெற்ற வணிகக்குறி, உடனே நிறுத்தவும்.

அத்தை அந்தக் கடிதத்தை முறுக்குப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். பிரித்தபோது மூலையில் எண்ணெய் ஏறியிருந்தது. “அம்மாடி, என் அம்மா பேர நான் போடக்கூடாதாம்டி” என்றார். அழவில்லை. சிரிக்கிற மாதிரி ஒரு முகம்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக எல்எல்எம் கடைசி ஆண்டில் இருந்தேன். இளங்கலையில் இந்தப் பாடம் எனக்கு ஒரே ஒரு பருவம், அதுவும் விருப்பப் பாடம். அது மட்டும் படித்திருந்தால், பதிவுச் சான்றிதழைப் பார்த்தவுடன் “அத்தை, பெயரை மாத்திடுங்க” என்று சொல்லியிருப்பேன். பதிந்தவனுக்குத்தான் பெயர் என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். அது முழு உண்மை இல்லை. 2019-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, 1976-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக நடப்புக்கு வந்தது. அடுத்தவர் பெயர் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு பதிந்தால் அந்தப் பதிவைச் செல்லாததாக்கச் சொல்லி வழக்குப் போடலாம். பதிவே இல்லாவிட்டாலும், ஒரு பெயரை முன்பிருந்தே பயன்படுத்தி அதற்கு நல்ல பேர் சம்பாதித்தவருக்கு ‘பாசிங் ஆஃப்’ என்ற பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்ட உரிமை இருக்கிறது. ஒருவர் தன் சரக்கை இன்னொருவர் பெயரில் தள்ளிவிடுவதைத் தடுக்கும் உரிமை அது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வேண்டும். இந்தப் பெயரில் எப்போதிருந்து விற்கிறீர்கள்? ரசீது? “பாசார் மாலாம்ல யாருடி ரசீது கேக்கறா?” கம்பெனிப் பதிவு? கிடையாது. பழைய லேபல்? அச்சடித்த கடை மூடிவிட்டது. விநியோகக்காரரின் விண்ணப்பம், வணிகக்குறிகளைப் பதியும் அரசு அலுவலகமான மைப்போவின் அதிகாரபூர்வ இதழில் வெளிவந்திருக்கிறது. ஆட்சேபம் சொல்ல அதிலிருந்து இரண்டு மாதம் உண்டு. அத்தை அந்த இதழைப் புரட்டியிருப்பாரா என்ன.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் அத்தையே போன் பண்ணினார். “கும்பாபிஷேக மலர்ல விளம்பரம் போட்டேனே, அது ஆவுமா?”

2011 கும்பாபிஷேக மலர். நீங்கள் போட்ட மலர். கடைசிப் பக்கங்களில், டயர் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் அரைப்பக்கம்: பச்சை லேபல், கோலம், பெயர், ‘அன்பளிப்பு 150 வெள்ளி’ என்ற குறிப்பு. முதல் பக்கத்தில் தேதி. அதற்குப் பிறகு இரண்டு தைப்பூச மலர்களிலும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரிலும் அதே விளம்பரம். விநியோகக்காரர் அந்தப் பெயரைக் கேள்விப்படுவதற்கே ஆறேழு வருடம் முந்தியது. நான்கு மலரையும் நகல் எடுத்து இணைத்து எங்கள் அலுவலகத்திலிருந்து பதில் போனது. வழக்குவரை போகவில்லை. பதிவை அத்தை பெயருக்கு மாற்றித் தர எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டது. அத்தை கையெழுத்துப் போட்ட தாளிலும் ஓர் எண்ணெய் விரல் பதிந்திருக்கிறது. அது இன்னும் கோப்பில் இருக்கிறது.

முதலிலேயே தானே பதிந்திருந்தால் என்ன செலவு? மைப்போவின் தயார்ப் பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட். முறுக்கு 30-ஆம் வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். இந்தத் தகவல் கோலாலம்பூரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே சொல்ல ஆள் இல்லை.

கம்பெனிக்காரர் சட்டம் என்று சொன்ன ஐயாவுக்காகவே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதும் சரிதான், அந்த வழக்கில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் ‘மெக்கறி’ என்று நம்மவர் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம் என்று விளக்கம் சொன்னார்கள். 2001-இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. கடைக்காரர்கள் விடவில்லை. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, மேற்கொண்டு முறையிட மெக்டொனால்ட்ஸுக்கு அனுமதி இல்லை என்று கூட்டரசு நீதிமன்றமும் சொல்லி முடித்தது.

அந்தத் தீர்ப்பை நான் முதன்முதலில் படித்தது ரவாங்கிலிருந்து போகும் கொம்யூட்டர் ரயிலில். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். வாதம் எங்கே திரும்புகிறது தெரியுமா? சாப்பாட்டுப் பட்டியலில். மெக்டொனால்ட்ஸ் விற்கும் பண்டங்கள் பலவற்றுக்கு முன்னால் ‘மெக்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெக்கறியின் பட்டியலில் ஒரு பண்டத்துக்குக்கூட ‘மெக்’ இல்லை. பெயர்ப்பலகையின் தோற்றம் வேறு, விற்கும் சாப்பாடு வேறு, அதைத் தேடி வரும் ஆளும் வேறு. பர்கர் வாங்கப் போனவர் ஏமாந்து கறிக்கடைக்குள் நுழைந்துவிடுவார் என்று நம்ப முடியாது. அந்த முன்னொட்டை ஒரு கம்பெனி மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றாகிவிட்டது.

எட்டு ஆண்டு. கடை நடத்திக்கொண்டே எட்டு ஆண்டு கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார்கள். நம் ஊரில் யாராலாவது முடியுமா? முடியாது. அதனால்தான் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளைப் பார்த்து ‘இது நிற்கும்’, ‘இது நிற்காது’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்கிறேன்.

படிப்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் ஆண்டு கோவிட். பாதி வகுப்பு கைப்பேசியில். தாமானில் லைன் கிடைக்கும் ஒரே இடம் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தடி. காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டத்தின் பெரும்பகுதியைச் சிவப்பெறும்பு கடிக்கக் கடிக்கத்தான் படித்தேன். பிறகு வேலை முடிந்து மாலை வகுப்பு, மூன்று மணி நேரம். வாரத்துக்குப் படிக்கக் கொடுக்கும் தீர்ப்புகள் நூறு பக்கத்தைத் தாண்டும். 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், தொழில்துறை வடிவமைப்பு, புவிசார் குறியீடு என்று ஒவ்வொன்றும் தனிக் காடு. சரவாக் மிளகுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வேறு ஊர் மிளகை அந்தப் பெயரில் விற்க முடியாது. இதெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் படித்துவிட்டு வீட்டில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ‘ஹர்தா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு மூலம் சமஸ்கிருத ‘அர்த்த’. நாம் ‘பொருள்’ என்கிறோமே, அதேதான். சொல்லுக்கும் பொருள், பெட்டியில் இருப்பதும் பொருள். அம்மாவுக்கு அப்படிச் சொல்லித்தான் என் படிப்பைப் புரியவைத்தேன்.

ஆய்வேட்டுக்கு எடுத்தது தாவர ரகங்களின் உரிமை. ஏன் என்று சொன்னால் உங்களில் பால் வெட்டியவர்களுக்குப் பிடிக்கும்.

என் பாட்டி கித்தா (ரப்பர்) மரங்களுக்குப் பெயர் சொல்லமாட்டார், எண்தான் சொல்வார். “ஆறுநூறு நல்லா சுரக்கும், கிளையில செவப்புப் பூஞ்சக் காளான் ஏறிட்டா போச்சு.” அந்த ‘ஆறுநூறு’ என்பது ஆர்ஆர்ஐஎம் 600. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டு ரகம். அதன் பெற்றோரில் ஒன்று ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1, இன்னொன்று பிபி 86. ‘பிபி’ என்றால் பிராங் பெசார். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் காட்டை அழித்துத் தொடங்கிய தோட்டம். இன்று அந்த இடம் புத்ராஜெயா. அங்கிருந்த நம் சனத்தை டெங்கிலுக்கு, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். லயத்து வீடுகள் போய்விட்டன, தோட்டத்தின் பெயரும் வரைபடத்திலிருந்து போய்விட்டது. அந்தப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் உலகத்து ரப்பர்க் காடுகளில் மரத்துக்கு மரம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு நல்ல தாய்மரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மரத்துக்கு மரம் மங்கில் விழும் பாலை அளந்து பல காலம் எழுதி வைக்க வேண்டும். அளப்பதற்கு முன்னால் ஒருவர் விடியுமுன் எழுந்து ஒரே ஆழத்தில், பட்டை காயப்படாமல் வெட்ட வேண்டும். கணக்கு கிராணியின் கையெழுத்தில் இருக்கும், ரகம் ஆராய்ச்சியாளர் பெயரில் இருக்கும். வெட்டியவர் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும், அன்றைய சம்பளத்துக்கு நேராக.

பாட்டிக்கு உரிமைத்தொகை கிடைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. எந்த நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லாது, அப்போது இங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. 2004-இல்தான் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் அழகான வாசல் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்து ரகம் என்றால் புதியதாக, தனித்து நிற்பதாக, சீராக, மாறாததாக இருக்க வேண்டும். விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்து வளர்த்த ரகம் என்றால் புதியதாக, தனித்து நிற்பதாக, அடையாளம் காட்டக்கூடியதாக இருந்தாலே பதியலாம், 15 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. சிறு விவசாயிகள் விதையை எடுத்துவைத்துத் தங்கள் நிலத்தில் மறுபடி விதைக்கவும், தங்களுக்குள் அளவாக மாற்றிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. இந்த இடம் இப்போது சுருங்கலாம். 2022 நவம்பரில் மலேசியாவுக்கு நடப்புக்கு வந்த சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தம், தாவர ரகங்களுக்கான யூபோவ் 1991 என்ற அனைத்துலக உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. அதில் விவசாயிக்குள்ள சலுகை இவ்வளவு தாராளம் இல்லை. அதைப் பற்றிப் பேசும் அறைகளில் தோட்டத்து வீட்டிலிருந்து வந்த ஓர் ஆள் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? நம் தாமானிலேயே பின்கட்டில் டுரியான் ஒட்டுக்கட்டி, நண்பர்களுக்கு மட்டும் கன்று கொடுக்கும் தாத்தா இருக்கிறார். அவரிடம் ஒரு தேதி போட்ட நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது.

மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் சவால் விட்டு 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. ‘எங்கள் பாட்டி வைத்தார்’ என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. பழைய நூல்களையும், 1953-இல் ஒரு இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டித்தான் ஜெயித்தார்கள். அத்தையின் கும்பாபிஷேக மலருக்கும் அந்த இதழுக்கும் வேலை ஒன்றுதான். தேதியோடு அச்சில் இருந்தது. நம் சனத்திடம் சரக்கு இருக்கிறது, தாள்தான் இல்லை. இந்தப் படிப்பு எனக்குக் கற்றுத் தந்தது அந்தத் தாளை எங்கே தேடுவது, இல்லையென்றால் இன்றே எப்படி உண்டாக்குவது என்பதைத்தான்.

எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் உறுமி மேளக் குழுத் தம்பிகளுக்கு என்னால் இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திருவிழாவில் வாசித்ததை யாரோ படம் பிடித்து, தன் முத்திரையைப் போட்டு யூடியூப்பில் ஏற்றினார். தம்பிகள் தாங்களே பிறகு ஏற்றிய காணொளிக்குப் பதிப்புரிமை எச்சரிக்கை வந்தது, அவர்கள் வாசித்த வாசிப்புக்கே! 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேடையில் வாசிப்பவருக்குத் தனி உரிமை உண்டு, அவர் அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது, 50 ஆண்டு செல்லும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று படம் எடுத்தவரிடம், “எடுத்துக்கண்ணே, ஊரெல்லாம் பாக்கட்டும்” என்று சொன்னதும் இவர்கள்தான். என்ன அனுமதி, எதற்கு அனுமதி என்று இரண்டு வரி வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால்கூடப் போதும். போராடிக்கொண்டிருக்கிறேன்.

இனி பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நேர்மையாகச் சில விஷயங்கள். எல்எல்எம் ஒருவரை வக்கீல் ஆக்காது. அதற்கு இளங்கலைச் சட்டமும் ஒன்பது மாதப் பயிற்சியும் வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பெரும்பாலும் சிஎல்பி என்ற வக்கீல் தகுதித் தேர்வும் சேரும். அந்தப் பெண் பயிற்சியை முடித்துவிட்டாளா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். முடிக்காமல் நேராக மேற்படிப்புக்கு ஓடுகிறாள் என்றால் நானே வேண்டாம் என்பேன். வேலை கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம்தான். தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் உங்கள் கணக்கியல் பிள்ளைகள் சிரிப்பார்கள். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளைப் பதியும் அலுவலகங்கள், மைப்போ, வக்கீல் அலுவலகங்கள், விரிவுரை, அவ்வளவுதான் வாசல்கள். இன்னொன்று. இது சட்டம் படித்தவருக்கு மட்டுமான துறை என்றும் நினைக்க வேண்டாம். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கென்றே இத்துறையில் ஒரு முதுகலை இருக்கிறது. காப்புரிமை விண்ணப்பம் எழுத வேதியியலோ இயந்திரமோ தெரிந்த ஆள்தான் உண்மையில் தேவை. நம் பொறியியல் பிள்ளைகளில் ஒருவர் அந்தப் பக்கம் திரும்பினாலும் நல்லது.

பிள்ளைக்கு உண்மையான ஆர்வமா, பட்டத்தின் மேல் மோகமா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி சொல்கிறேன். ஜெனிவாவில் இருக்கும் வைப்போ, அதாவது உலக அறிவுசார் சொத்து அமைப்பு, டிஎல்-101 என்று ஓர் அடிப்படைப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. நேர்முகத்துக்கு முன்பு அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடித்த பிறகும் படிக்க வேண்டும் என்றால் அது நிற்கும் ஆசை. இந்தப் பெண் போன மாதமே முடித்துவிட்டாள், நான் சொல்லாமலே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டாவது நிபந்தனையில் இருக்கும் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். இனாமாகக் கொடுக்க மனமில்லை என்றால் கடனாகக் கொடுங்கள். கூடவே ஒரு நிபந்தனை போடுங்கள், நான் மனமாரச் சொல்கிறேன்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மண்டபத்தில் உட்கார்ந்து, யார் என்ன தாளைக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்ல வேண்டும். வக்கீல் கடிதம், ஒப்பந்தம், லேபல், பள்ளி ஆசிரியர் தயாரித்த பயிற்சித்தாளை வெளியில் யாரோ புத்தகமாகப் போட்ட கதை, எதுவானாலும். முதல் ஆறு மாதம் நானும் கூட உட்காருகிறேன். என்னால் அன்று விளக்க முடியாததை அவள் விளக்கிவிடுவாள். தயவுசெய்து அவளுக்கு மைலோ சூடாக இருக்கும்போதே கேள்வியைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். 2011 மலரைத் தேடி மண்டபத்துப் பின்னறை அலமாரியைத் திறந்தபோது பழைய மலர்கள் கட்டுக் கட்டாக இருந்ததைப் பார்த்தேன். அடித்தட்டில் இருந்தவை கரையான் அரித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே இருப்பதில் எண்பதுகளின் மலர்கூட ஒன்று இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் மூடிப்போன தையல் கடை, சைக்கிள் கடை, ஊறுகாய்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். மண்டபத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். போட்டுவிடாதீர்கள். வரும் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்பே பெட்டிகளோடு வருகிறேன், ஒவ்வொன்றையும் நானே படம் எடுத்து அடுக்கித் தருகிறேன். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் செயலாளர் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
நம் தாமானில் வளர்ந்த, நீங்கள் ஒருமுறை ‘வருந்தி’ அனுப்பிய பிள்ளை